கோடைக் கப்பலும் கதைப் புத்தகமும்

மலாய் நாட்டிற்குக் கோடை என்றொரு பருவம் கிடையாது. கோலாலம்பூர் நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3 பாகையளவில் கிடப்பது. அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெயில், பிற்பகலானால் மழை. தைக்கும் ஆடிக்கும் வேறுபாடு காண்பது அரிது. ஆயினும் அங்குக் குடியேறிய தமிழர் தாயகத்தின் பருவங்களைக் கடலில் எறிந்துவிட்டுப் போனவரல்லர். பஞ்சாங்கம் பார்த்தனர், பங்குனி, சித்திரை என்றே மாதங்களை எண்ணினர், தம்மேல் படாத வெயிலுக்குக் கோடை என்று பெயரும் சொல்லிவந்தனர். அவர்களுள் படிக்கும் ஆவலுடையார்க்கு அக்கோடை வானத்திலிருந்து இறங்கவில்லை, கப்பலிலிருந்து இறங்கியது. ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் ஓய்ந்து வங்கக் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்கள் மாசி, பங்குனி, சித்திரை என்பனவன்றோ? அம்மாதங்களில் கடல் கடந்து வந்த சரக்குகளுள் அரிசியும் மிளகாயும் புகையிலையும் மட்டுமல்ல, நாவல் என்னும் புதுச் சரக்கும் ஒன்று. அப்புத்தகக் கட்டு எந்த வழியாக வந்தது, எவர் கைக்குச் சேர்ந்தது, எவருடைய வாயிலில் தடைப்பட்டு நின்றது என்பதை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் வழியைப் பார்ப்போம். கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற துறைமுகம் 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு முதல் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்பது பெயர். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே 1886-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை ஓடத் தொடங்கிவிட்டது. பின்னர் அது கடற்கரை வரையில் நீண்டது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட நீராவிக் கப்பல்கள் பினாங்கைத் தொட்டு, இத்துறைமுகத்தைத் தொட்டு, சிங்கப்பூருக்குச் செல்லும். அவற்றுள் 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட "ரஜுலா" என்ற கப்பலின் பெயரை அறியாத மலாயாத் தமிழ்க் குடும்பம் இல்லையென்றே கூறலாம். அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் வாழ்கின்றனர். அதே கப்பலில் தபால் மூட்டைகளும் வந்தன. துறைமுகத்திலிருந்து புகைவண்டியில் ஏறிய மூட்டை கோலாலம்பூருக்குள் நுழையுமுன் கடக்கும் பகுதி பிரிக்பீல்ட்ஸ்.

பிரிக்பீல்ட்ஸ் என்பது செங்கற் சூளைகளால் பெற்ற பெயர். 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு, அத்தாப்புக் கூரையும் மரமும் வேண்டா, செங்கல்லால் கட்டுக என்று அரசாங்கம் ஆணையிட, அச்செங்கல்லைச் சுட்ட இடம் அது. பின்னர் இரயில்வேப் பணிமனைகளும் பணியாளர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. தண்டவாளம் பதித்தவரும் பெட்டி துடைத்தவரும் தென்னாட்டுத் தமிழர். மேசைமுன் அமர்ந்து கணக்கெழுதியவருள் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்றுவந்த யாழ்ப்பாணத் தமிழர். பின்னவர் 1904-ஆம் ஆண்டிலேயே அங்கு விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். மாதச் சம்பளம், விளக்கு, நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஆகிய இந்நான்கும் அமைந்த வீட்டில் நாவல் குடிபுகுவதற்குத் தடையேது? இவ்வகை வீடுகளே கோலாலம்பூரில் தமிழ் நாவலின் முதற் புகலிடம் என்பது நமது கருத்து.

அந்நாளில் வந்த நாவல்கள் எத்தகையன? மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இராஜமையரின் "கமலாம்பாள் சரித்திரம்" 1896. மாதவையாவின் "பத்மாவதி சரித்திரம்" 1898. இம்மூன்றையும் இலக்கிய வரலாறு எழுதுவோர் தவறாது குறிப்பர். ஆனால் மக்கள் விரும்பி வாங்கியவை இவையல்ல. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கதைகளும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் தோன்றும் கதைகளும், ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத்திலிருந்து தழுவிய கதைகளுமே கைக்குக் கை மாறிக் கிழிந்தன. புலவர்கள் இவற்றைக் கண்டு முகஞ்சுளித்தனர். இளைஞர் கெடுவர், பெண்கள் பாழாவர், அடுப்பங்கரையில் பால் பொங்கி வழியும் என்றெல்லாம் ஓலமிட்டனர். அவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். "சந்திரகாந்தா" என்ற ரங்கராஜுவின் கதையில் மடாதிபதியின் காமக் களியாட்டம் அம்பலப்படுத்தப்படுகிறது. பட்டும் உருத்திராட்சமும் அணிந்தவனைக் கண்டால் காலில் விழுந்து பழகிய ஒரு சமூகம், அவனும் அயோக்கியனாக இருத்தல் கூடும் என்பதை முதன்முதலில் துப்பறியும் கதையில் படித்தது என்றால், அக்கதையை இழிவென்று தள்ளுவது எங்ஙனம்? நடை மட்டம்தான், திருப்பங்கள் செயற்கைதான், மறுக்கவில்லை. எனினும் ஐயப்படக் கற்றுக்கொடுத்தது.

பெண்கள் பாழாவர் என்ற கூக்குரலைப் பற்றி இன்னுஞ் சிறிது கூறவேண்டும். வை. மு. கோதைநாயகி அம்மாள் சிறு வயதில் மணம் முடிக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் சென்றவரல்லர். அவர் தமது முதல் நாடகத்தை இயற்றியபோது எழுதப் பழகியிராமையால், அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதினார். அவரே 1925-ஆம் ஆண்டில் "ஜகன்மோகினி" என்ற பத்திரிகையை ஏற்று, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். 1936-ஆம் ஆண்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாம் பிறந்து வளர்ந்த தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்தே கண்டவர், "தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்" என்ற நாவலை வெளியிட்டார். எழுத்தறியாத பெண் எழுத்தாளரானாள். விற்கப்படவிருந்த பெண் விற்பவரைக் குற்றக்கூண்டில் ஏற்றினாள். பெண்ணும் நாவலும் சந்தித்ததால் விளைந்த கேடு இதுவாயின், அக்கேடு பெருகுக என்றே நாம் விரும்புவோம்!

மாதப் பத்திரிகையில் தொடர்ந்து வரும் கதைக்குக் கடலுக்கு அப்பாலுள்ள வாசகரிடத்தில் தனியான ஒரு வலிமை உண்டு. சென்னையிலிருப்பவர் அடுத்த அத்தியாயத்திற்கு ஒரு மாதம் காத்திருப்பர். கோலாலம்பூரிலிருப்பவரோ மாதத்தோடு கப்பலுக்கும் காத்திருத்தல் வேண்டும். கப்பல் பிந்தினால் சிறைப்பட்ட கதாநாயகி சிறையிலேயே கிடக்கவேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்கு முன்னதாக இதழ் வந்துவிட்டால் அவ்வீட்டு வாயிலில் இரவல் கேட்பவர் கூட்டம். இரவல் போன புத்தகம் திரும்பாமையைப் பற்றிய சண்டை எந்நாட்டுத் தமிழர்க்கும் பொதுவாதலின் அதனை விரிக்காது மேலே செல்வோம்.

இறக்குமதியே கதியென்று மலாயாத் தமிழர் இருந்துவிடவுமில்லை. சிங்கப்பூரில் 1887-ஆம் ஆண்டிலேயே "சிங்கை நேசன்" என்ற இதழ் நடந்தது. கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டில் "தமிழ் நேசன்" தோன்றிற்று. இவ்விரண்டிற்கும் இடையில், 1917-ஆம் ஆண்டில், க. வெங்கடரத்தினம் என்பவர் "கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி" என்ற நாவலை வெளியிட்டார். மலாயாவில் எழுந்த தமிழ் நாவல்களுள் முதலாவதாக இதனையே கூறுவது வழக்கம். தலைப்பிலுள்ள "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். தாயகத்து நாவல்கள் இரட்டைப் பெயரோடு உலவிய காலம் அது. கப்பலில் வந்த சட்டையை அளவெடுத்தே இங்கும் சட்டை தைத்தனர். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வெட்கப்பட வேண்டிய செய்தி வேறு. கப்பலில் வந்த கதைகளில் மலாயா எங்கே இருந்தது? கடன்பட்டவன் ஓடி ஒளியும் ஊராகவும், காணாமற்போனவன் பணத்தோடு திரும்பும் ஊராகவும் பினாங்கும் ரங்கூனும் பெயரளவில் வந்துபோயின. அவன் அங்கே என்ன செய்தான், எதை வெட்டினான், எங்கே படுத்தான் என்று கேட்பாரில்லை. புதுமைப்பித்தன் 1935-ஆம் ஆண்டில் "துன்பக்கேணி" என்ற நெடுங்கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார். மலாயாவின் பால்மரக் காட்டிற்கு அப்படி ஒரு கண் அன்று வாய்க்கவில்லை.

இனி அக்காட்டிற்கே செல்வோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து புகைவண்டியில் கிள்ளானை அடைந்தால், ஆற்றின் இருமருங்கிலும் காப்பார் வரையிலும் கோலா லங்காட் வரையிலும் இரப்பர்த் தோட்டங்களே பரந்திருந்த காலம் அது. மலாயாத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்தது அங்கேதான், பிரிக்பீல்ட்ஸில் அன்று. விடியுமுன் தப்பு ஒலி கேட்டு எழுந்து, பிரட்டில் பெயர் கொடுத்து, விளக்கோடு மரத்தடிக்குச் சென்று பால் வெட்டும் அம்மக்களுக்குக் கதைப் புத்தகம் எட்டியதா?

சட்டம் ஒன்று இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தல் வேண்டும். வைத்தார்கள், எப்படி? ஒரு கொட்டகை; கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் வந்து நடத்தும் பாடம்; பிள்ளை கத்தி பிடிக்கும் வயதை அடைந்ததும் முடிந்துபோகும் கல்வி. ஆயினும் அக்கொட்டகைகளில் எழுத்துக்கூட்டக் கற்றவன் லயத்திற்கு ஒருவனாவது இருந்தான். அவ்வொருவன் போதுமானவனாக இருந்தான் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. ஏனெனில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் "பெரிய எழுத்து" அல்லி அரசாணி மாலையையும் விக்கிரமாதித்தன் கதையையும் ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது பழைய வழக்கம். அவ்வழக்கம் மக்களோடு கப்பலேறியது. மண்ணெண்ணெய் விளக்கடியில் ஒரு புத்தகம் விரிந்தால் அதற்கு வாசகர் ஒருவரல்லர், இருபதின்மர். எழுதத் தெரியாத கோதைநாயகிக்கு ஒரு தோழி எழுதியது போலவே, படிக்கத் தெரியாத பால்வெட்டுக்காரிக்கு ஒரு சிறுவன் படித்தான்.

இங்கே பருவத்தின் விளையாட்டு ஒன்றைக் கூறாதிருக்க இயலாது. மலாயாவிற்குக் கோடை இல்லை என்றோம். ஆனால் பால்மரத்திற்கு ஒரு பருவம் உண்டு. மேற்குக் கரையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும். உதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் வரையில் பால் குறையும். சில தோட்டங்களில் வெட்டும் நிறுத்தப்படும். அஃதாவது, தாயகத்திலே கோடை, கடலிலே அமைதி, கப்பலிலே புத்தகம், தோட்டத்திலே வேலைக் குறைவு. படிப்பதற்கு இதனினும் ஏற்ற காலம் வாய்க்குமோ? வாய்த்த காலத்திலே காசுதான் இல்லை! 1928-ஆம் ஆண்டளவில் வகுத்த கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே பால்; பெண் கையால் வெட்டினால் மட்டும் பத்துக் காசு குறைவாம். இரப்பர் விலை வீழ்ந்ததும் 1930-ஆம் ஆண்டில் அதனை 40 காசு, 32 காசு என்று குறைத்தனர். பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். இந்தக் கூலியில் அரிசி போக எஞ்சுவதற்கு இருவர் போட்டியிட்டனர்: ஒருவன் கடன் கொடுத்த கடைக்காரன், மற்றொருவன் தோட்டத்துக்குள்ளேயே திறந்துவைத்த கள்ளுக்கடைக்காரன். புத்தகத்தின் முறை எப்போது வரும்?

அதுவுமன்றி, தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே நுழைதல் குற்றம். உறவினன் பார்க்க வருவதற்கே உத்தரவு வேண்டும் என்றால், பத்திரிகைக் கட்டோடு வருபவனை எவன் விடுவான்? ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கில் இறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தபோதும், பின்னர்ச் சீர்திருத்தக் கருத்துகள் பரவியபோதும், 1935-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி "தமிழ் முரசு" தொடங்கியபோதும், அக்கருத்துகள் தோட்டத்து வாயிலை ஊடுருவியது பெரும்பாலும் ஒருவன் மடித்து இடுப்பில் செருகிவந்த தாள் வழியாகத்தான். கதைத் தாளாயினும் கருத்துத் தாளாயினும் காவற்காரனுக்கு வேறுபாடு தெரியாது. துரைக்குத் தெரிந்திருந்தது. நாவல் படித்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்று நம் புலவர் அஞ்சினர். துரையோ எதையாவது படித்தால் மக்கள் கேள்வி கேட்பர் என்று அஞ்சினான். இருவருள் துரைக்கே படிப்பின் ஆற்றல் நன்கு விளங்கியிருந்தது என்று சொல்ல நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கேள்வி 1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரையில், அதே இலையுதிர்ப் பருவத்தை ஒட்டி, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தமாக வெடித்தது. முன்னின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவருள் ஒருவரான ஆர். எச். நாதன் "தமிழ் நேசன்" பத்திரிகையின் துணையாசிரியர். அவர்களுடைய கோரிக்கைகளைக் கூர்ந்து நோக்குவோர் வியப்படைவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி என்பது ஒன்று. அதனோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வருதல், பேசவும் கூடவும் உரிமை, பெண்களிடம் முறைகேடாக நடத்தலை ஒழித்தல், துரைகள் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை. இவற்றுள் புத்தகம் என்ற சொல் இல்லை. ஆயினும் கல்வியும், கள்ளுக்குப் போகாத காசும், நண்பன் நுழையும் வாயிலும், அவன் ஏறிவரும் மிதிவண்டியும் கிடைத்துவிட்டால், ஒரு புத்தகம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து லயத்து விளக்கடி வரையில் வந்து சேர்வதற்கு வேறென்ன வேண்டும்? அரசாங்கம் மே மாதத்தில் நாதனைச் சிறைப்பிடித்து நாடுகடத்திற்று, சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்தது, படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதையும் குறித்துவைப்போம்.

எட்டுத் திங்களுக்குள் அவ்வரசாங்கமே ஓடிற்று. 1942-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் வரையில், மூன்றரை ஆண்டுக்கு மேலாக, தமிழ்நாட்டிலிருந்து கப்பலில்லை, தபாலில்லை, நாவலில்லை. தாயகத்தில் அவ்வாண்டுகள் கதைக்கு வளமான ஆண்டுகள். "கல்கி" இதழில் 1941-ஆம் ஆண்டில் "பார்த்திபன் கனவு" தொடங்கிற்று. 1944-ஆம் ஆண்டில் "சிவகாமியின் சபதம்" தொடர்ந்தது. (பல்லவ மன்னர்களின் பெருமை பாடும் கதைகள் நமக்கு உவப்பானவையல்ல என்பது வேறு செய்தி, படிக்கக் கிடைத்து வெறுப்பது ஒரு நுகர்ச்சி, கிடைக்காமற்போவது பஞ்சம்.) தமிழ்நாட்டார் வாரந்தோறும் கதைக்காக அஞ்சல்காரரை எதிர்நோக்கியிருந்த அந்நாள்களில், மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரக்கணக்கில் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப்பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர் தொகையைத் துல்லியமாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. லயத்தில் பிறருக்குப் படித்துக்காட்டிய அந்த ஒருவனும் அவர்களுள் இருந்தான். அவன் திரும்பாத லயங்களில் விளக்கிருந்தும் பயனில்லை.

போருக்குப் பின் கப்பல் மீண்டும் ஓடிற்று. இம்முறை அதில் வந்த கட்டுகள் மாறியிருந்தன. அண்ணாதுரையின் "பார்வதி பி.ஏ.", "ரங்கோன் ராதா" போன்றவை ஊர்ப் பெரிய மனிதரின் வேடத்தைக் கலைத்தன. மு. வரதராசனாரின் "செந்தாமரை" 1946-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து வந்த அவருடைய நாவல்கள் மலாயாவில் பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது. பள்ளிச் சிறுவனும் பொருள் கொள்ளத்தக்க தெளிந்த தமிழ் அதற்கு ஒரு காரணம். மாந்தர் அடிக்கடி நின்று அறவுரை பேசுவது நமக்குச் சற்று அலுப்பே. ஆனால் அறவுரை கூற ஆளில்லாத தனிமையில் வாழ்ந்த இளைஞர்க்கு அது அலுக்கவில்லை. வந்த சரக்கைப் படிப்பதோடு நில்லாமல் எழுதப் பழகவும் தொடங்கினர். 1950-ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் "தமிழ் நேசன்" வழியாகக் கதை வகுப்பு நடத்தினர். தோட்டத்து ஆசிரியரும் கிராணியும் அஞ்சலில் பாடம் கற்றனர். பின்பு கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து 1957-ஆம் ஆண்டு வரை அப்பத்திரிகையில் ஆசிரியப் பணியாற்றி, எழுதுவோரைக் கூட்டிவைத்துப் பேசினார். கப்பல் சுமந்துவந்த சரக்குகளுள் மிகச் சிறந்தது ஒரு புத்தகமன்று, இந்த மனிதரே என்று நாம் கருதுவதுண்டு.

"ரஜுலா" 1973-ஆம் ஆண்டில் ஓய்ந்தது. அதன் இடத்தில் ஓடிய "சிதம்பரம்" 1985-ஆம் ஆண்டில் தீப்பிடித்ததோடு கடல்வழிப் பயணமே நின்றது. "தமிழ் நேசன்" 2019-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாயின. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே வீடுகளும் இடிக்கப்பட்டன. இதற்கிடையில், 1975-ஆம் ஆண்டில் மலேசியாவிற்கு வந்த அகிலன், தோட்டங்களை நேரிற் கண்டு "பால்மரக் காட்டினிலே" என்ற நாவலை எழுதினார். தாயகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தவர் அதனுள் தம் லயத்தையே கண்டனர். உள்நாட்டார் அதற்காகக் காத்திருந்தாரில்லை. தம் கையாலேயே எழுதினர். கோலா லங்காட்டின் ஆற்றங்கரை வாழ்வை அ. ரெங்கசாமி "லங்காட் நதிக்கரை" என்ற நாவலாக்கினார். கப்பல் வராத அந்த மூன்றரை ஆண்டுகளில் இருப்புப்பாதைக்குப் போனவர்களின் கதையை ஆர். சண்முகம் எழுதினார். "சயாம் மரண ரயில்" என்ற அந்நாவல் 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. போர் முடிந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.